விரிசல் விட்ட கண்ணாடியும் மூணு வருஷ டிரான்ஸ்பரும்

ரொம்ப நாளாக எழுத நினைத்துத் தள்ளிப் போட்டுக்கொண்டே வந்த விஷயம் இது. தள்ளிப் போடுவதைப் பற்றித்தான் எழுதப் போகிறேன் என்பதால் அதுவும் பொருத்தம்தான்.

பொங்கலுக்கு இங்கே நாக்பூரில் ஒரு நண்பர் வீட்டுக்குப் போயிருந்தோம். மதுரைப் பக்கத்து ஆள், மத்திய அரசு வேலை, என்னை விட ஏழெட்டு வயது சின்னவர். வெண்பொங்கல், வடை, கொத்சு எல்லாம் முடித்துவிட்டு வீட்டைச் சுற்றிக் காட்டினார். பையன் படிக்கிற அறையில் ஜன்னல் கண்ணாடியில் மூலைக்கு மூலை பிரவுன் டேப். பார்சல் ஒட்டுவோமே, அந்த டேப். டேப்புக்கு அடியில் ஒரு விரிசல், ஆறு மாதிரி வளைந்து வளைந்து போகிறது. அதற்கு நேர் கீழே பையனின் படிக்கிற மேஜை.

"எத்தனை நாளா இருக்கு தம்பி?"

"நாங்க வந்தப்பவே இருந்துச்சுண்ணே. ஓனர்கிட்ட சொல்லியாச்சு. இன்னும் எட்டு மாசத்துல எனக்கே டிரான்ஸ்பர் வந்துடும், விடுங்க."

அந்த "விடுங்க" எனக்கு ரொம்பப் பழக்கமான வார்த்தை. நானும் சொல்லியிருக்கிறேன். சொல்லி, பட்டிருக்கிறேன். நம் ஊர் விட்டு வெளியே வேலை பார்க்கிற தமிழ்க் குடும்பங்கள் வீடுகளுக்குப் போகும்போதெல்லாம் இப்போது என் கண் முதலில் ஜன்னலுக்குத்தான் போகிறது. டேப், நெயில் பாலிஷ், எம்-சீல், பழைய காலண்டர் அட்டை என்று விதவிதமாகப் பார்த்தாயிற்று. சொந்த ஊரில் வீடு கட்டி டைல்ஸ் கலர் பார்க்க மூன்று முறை ரயிலேறுகிற ஆட்கள்தான் இவர்களும் (நானும்). இருக்கிற வீட்டில் மட்டும் டேப்.

என் கருத்து இதுதான்: விரிசல் விட்ட ஜன்னல் கண்ணாடியை ஒட்டாதீர்கள், மாற்றுங்கள். யார் காசு என்பதை அப்புறம் பேசிக்கொள்ளலாம். பாதிப் பேர் வீட்டில் அதை நாமேகூட மாற்றிவிட முடியும்.

இனி கொல்கத்தா கதை.

2017 முதல் நாலு வருஷம் அங்கே இருந்தேன். லேக் கார்டன்ஸ் பக்கம் முதல் மாடியில் ஒரு பழைய ஃபிளாட். நமக்கு லேக் மார்க்கெட் பக்கத்தில் இருந்தால் போதும். வாழைப்பூ, முருங்கைக்கீரை, இட்லி அரிசி எல்லாம் கிடைக்கும், தமிழ் காதில் விழும். அறைகளில் உள்பக்கம் திறக்கிற ஜன்னல் கதவுகள், வெளியே கிரில். கொல்கத்தாவில் இருந்தவர்களுக்குக் காலபைசாகி தெரியும். கோடையில் சாயங்காலம் வானம் திடீரென்று கறுத்து, ஒரு காற்று அடிக்கும் பாருங்கள், கொடியில் காயப்போட்ட துணியை மூன்றாவது தெருவில் தேட வேண்டும். 2019 ஏப்ரலில் அப்படி ஒரு நாள், கொக்கி போடாத ஜன்னல் படார் என்று அடித்து, கண்ணாடியில் ஒரு விரிசல். ஒன்றரை அடிக்கு இரண்டடிக் கண்ணாடி. கீழே விழவில்லை. அதுதான் வினையே. விழுந்திருந்தால் மறுநாளே மாற்றியிருப்பேன்.

டேப் ஒட்டினேன். வீட்டுக்காரரிடம் சொன்னேன். "உங்க ஆட்கள் கொக்கி போடலை, நீங்கதான் மாத்தணும்" என்றார். "ஃபிரேம் ஆடுது, அதனாலதான் உடைஞ்சுது, நீங்கதான்" என்றேன் நான். மொத்தச் செலவு அன்றைக்கு நானூறு ரூபாய் இருக்கும். இரண்டு படித்த மனிதர்கள் நானூறு ரூபாய்க்குப் பதின்மூன்று மாதம் கௌரவம் பார்த்தோம்.

வங்கிக்காரன் என்பதால் எனக்கு இதை இப்படித்தான் சொல்லத் தெரியும். ஒரு கடனில் தவணை தவறினால் முதல் 30 நாள் எஸ்.எம்.ஏ-0, 60 வரைக்கும் எஸ்.எம்.ஏ-1, 90 வரைக்கும் எஸ்.எம்.ஏ-2, அதைத் தாண்டினால் என்.பி.ஏ. ஒவ்வொரு கட்டத்திலும் போன் பண்ணு, நேரில் போய்ப் பார், நோட்டீஸ் அனுப்பு என்று நாங்கள் ஓடுகிறோம். சில இடங்களில் பழைய கடனை மறைக்கப் புதுக் கடன் கொடுத்துக் கணக்கைப் பச்சையாகக் காட்டுவார்கள், எவர்கிரீனிங் என்று பெயர். கண்ணாடி மேல் டேப் ஒட்டுவது அச்சு அசல் எவர்கிரீனிங். அடுத்தவன் கணக்கில் இதைக் கண்டுபிடித்தால் மெமோ கொடுக்கிற நான், என் வீட்டு ஜன்னலில் அதைத்தான் செய்துகொண்டிருந்தேன்.

2020 பிப்ரவரியில் அம்மா ஊரிலிருந்து வந்தார். அருப்புக்கோட்டையிலிருந்து கொல்கத்தா வரைக்கும் வந்தவர் ஒரு மாதம் இருந்துவிட்டுப் போகிறதாகத் திட்டம். மார்ச்சில் ரயில் நின்றது, அம்மா மாட்டிக்கொண்டார். அவருக்கு அந்த அறையைக் கொடுத்திருந்தோம். காற்று வரட்டும் என்று கட்டிலை ஜன்னல் ஓரமாக இழுத்துப் போட்டதும் நான்தான்.

மே 20, புதன்கிழமை. அம்பான் புயல். மத்தியானமே காற்று ஆரம்பித்துவிட்டது. ராத்திரி ஆக ஆக வீடே ஊளையிட்டது. மணிக்கு நூறு கிலோமீட்டருக்கு மேல் அடித்தது என்று பிறகு படித்தோம். எட்டு மணி வாக்கில் கரண்ட் போனது. படுத்திருந்த அம்மா எழுந்து, "ஏய்யா, ஃபிரிட்ஜு ஓடாது, பாலு திரிஞ்சிரும், காய்ச்சி வச்சிருதேன்" என்று அடுப்படிக்குப் போனார். அவர் அடுப்பைப் பற்ற வைக்கும்போது உள்ளே அந்தச் சத்தம் கேட்டது.

டார்ச் அடித்துப் பார்த்தேன். தலையணை மேல், டேப் ஒட்டியபடியே, அரிவாள் நீளத்துக்கு ஒரு துண்டு. இதைத்தான் நன்றாகக் கவனிக்க வேண்டும். டேப் கண்ணாடியை உடையாமல் காப்பாற்றவில்லை. உடைந்தவற்றை ஒன்றாகப் பிடித்து, பொடித் துண்டுகளாக விழ வேண்டியதை ஒரே பெரிய கனமான துண்டாக விழ வைத்தது. அமெரிக்காவில் புயல் அடிக்கிற மாநிலங்களில் ஜன்னலில் டேப் ஒட்டாதே என்று அரசாங்கமே சொல்வது இதனால்தான் என்று பின்னால் தெரிந்துகொண்டேன். நமக்கு யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் கேட்டிருப்பேனா என்பது வேறு விஷயம்.

அந்தப் பொந்து வழியாக மழை அப்படியே உள்ளே வந்தது. மகளின் கேரம் போர்டைப் பொந்துக்கு முட்டுக் கொடுத்து, கொடிக் கயிற்றால் கிரிலோடு இழுத்துக் கட்டினோம். விடிகிற வரைக்கும் நானும் மனைவியும் மாறி மாறிப் பிடித்துக்கொண்டு நின்றோம். அவள் பாதத்தில் ஒரு சில்லு ஏறியது, காலையில்தான் கவனித்தாள். மறுநாள் தெருவுக்குத் தெரு மரம் விழுந்து கிடந்தது. ஊரில் யார் வீட்டைப் பார்த்தாலும் கண்ணாடி இல்லை. ஊரடங்கு வேறு. எங்களுக்குப் புதுக் கண்ணாடி கிடைக்க மூன்று வாரம் ஆனது. அதுவரைக்கும் கேரம் போர்டுதான் ஜன்னல். நானூறு ரூபாய் வேலைக்குக் கடைசியில் தொள்ளாயிரம் கொடுத்தேன், நானேதான் கொடுத்தேன், வீட்டுக்காரரிடம் கேட்கவே இல்லை.

சரி, ஒரு விரிசல் அப்படி என்ன செய்துவிடும், பதின்மூன்று மாதம் நின்றதே என்று கேட்கலாம். நான் பி.காம், என் மகள் பிளஸ் டூ பிசிக்ஸ். அவள் எனக்குச் சொல்லிக்கொடுத்ததை அப்படியே தருகிறேன். கண்ணாடிக் கடையில் அறுப்பதைப் பார்த்திருப்பீர்கள். ரம்பம் வைத்து அறுப்பதில்லை. வைரம் வைத்து (இப்போது பெரும்பாலும் சின்னச் சக்கரம்தான்) மேலாக ஒரு கோடு கிழிப்பார், கோட்டுக்கு அடியில் வைத்து ஒரு அழுத்து அழுத்துவார், டக் என்று பிரியும். கண்ணாடி அழுத்தத்தைத் தாங்கும்; இழுப்பை, வளைவைத் தாங்காது. கண்ணுக்குத் தெரியாத கீறல் நுனிகளில் விசையெல்லாம் போய்க் குவிவதால்தான் அது உடைகிறது என்று கிரிஃபித் என்கிற ஆங்கிலேய எஞ்சினியர் 1921-லேயே கட்டுரை எழுதிவிட்டார். அதாவது விரிசல் விட்ட கண்ணாடி என்பது கடைக்காரர் ஏற்கெனவே கோடு கிழித்து வைத்த கண்ணாடி. அழுத்துகிற கைதான் பாக்கி.

அந்தக் கை காற்று. மணிக்கு 108 கிலோமீட்டர் காற்று சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 55 கிலோ எடை வைத்த மாதிரி அமுக்கும். எங்கள் மூன்று சதுர அடிக் கண்ணாடிக்கு அது 15 கிலோ. காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அழுத்தம் நான்கு மடங்கு. ஈரமும் சேர்ந்துகொள்கிறது: தண்ணீர் விரிசலின் நுனியில் புகுந்து கண்ணாடியின் பிணைப்பையே மெல்ல மெல்ல அறுக்குமாம். மழைக்காலம் முடிந்து பார்த்தால் விரிசல் ஒரு விரற்கடை நீண்டிருக்கும், நாம் "முன்னாடியே இப்படித்தானே இருந்துச்சு" என்போம்.

ஒட்டலாமா? காரின் முன் கண்ணாடியில் கல் பட்ட இடத்தில் ஏதோ ஊற்றி விளக்கு காட்டிச் சரி பண்ணுகிறார்களே என்று ஒரு நண்பர் கேட்டார். அந்தக் கண்ணாடி வேறு. இரண்டு கண்ணாடிக்கு நடுவில் பிளாஸ்டிக் படலம் வைத்து ஒட்டியது. மேல் கண்ணாடி உடைந்தாலும் படலம் பிடித்துக்கொள்ளும். அதிலும் சின்னப் புள்ளிக்குத்தான் அந்த வைத்தியம். வீட்டு ஜன்னலில் இருப்பது ஒற்றைக் கண்ணாடி. ஃபெவிக்விக்கோ எபாக்சியோ விரிசலுக்குள் இறங்கிக் கண்ணுக்கு அழகாக்கும், மழைத் தண்ணீர் வராமல் தடுக்கும், பலம் திரும்பி வராது. ஓரம் வரைக்கும் ஓடிய விரிசலுக்கு மாற்றுவதைத் தவிர வேறு வழியில்லை. ஒரு மிளகு அளவுக்குச் சில்லுப் பெயர்ந்திருந்தால் மட்டும் கொஞ்ச நாள் அப்படி ஒப்பேற்றலாம்.

இப்போது பெரிய கேள்வி. வாடகை வீட்டில் யார் மாற்றுவது? மத்திய அரசு 2021-ல் கொண்டுவந்த மாதிரி வாடகைச் சட்டத்தில் எந்த ரிப்பேர் யாருடையது என்று கடைசியில் ஒரு பட்டியலே இருக்கிறது. வெள்ளையடிப்பது, கதவு ஜன்னலுக்குப் பெயிண்ட், ஒயரிங், குழாய் மாற்றுவது எல்லாம் வீட்டுக்காரர் தலையில். குழாய் வாஷர், சுவிட்ச், பூட்டு, அப்புறம் கதவு ஜன்னல்களின் கண்ணாடி மாற்றுவது குடியிருப்பவர் தலையில். ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதிக்கொண்டால் அதுதான் செல்லும். மாதிரிச் சட்டம் என்பதால் உங்கள் மாநிலம் ஏற்றிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஆனால் பொதுவாக அரசாங்கத்தின் நினைப்பு என்ன என்பது தெரிகிறது அல்லவா? படித்தபோது எனக்குக் கொஞ்சம் கசந்தது. பதின்மூன்று மாதம் நான் போட்ட சண்டையில் நியாயம் என் பக்கம் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஒன்று செய்யலாம். புது வீட்டுக்குள் போகிற அன்றைக்கே எல்லா ஜன்னலையும் போட்டோ எடுத்து வீட்டுக்காரருக்கு வாட்ஸப்பில் அனுப்பிவிடுங்கள். ஏற்கெனவே உடைந்ததை அவரே மாற்றித் தரட்டும் என்று சாவி வாங்கும் முன் கேளுங்கள். அட்வான்ஸ் கொடுத்த பிறகு கேட்டால் நடக்காது. லோன் சாங்ஷன் ஆன பிறகு டாக்குமெண்ட் கேட்கிற மாதிரிதான் அது :-)

நாக்பூருக்கு வந்த பிறகு எனக்கே மறுபடியும் ஒரு கண்ணாடி போனது. இந்த ஊர் மே மாத வெயிலைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை, 45 டிகிரி சர்வ சாதாரணம். வெயில் தாங்காமல் கண்ணாடியில் கறுப்பு ஃபிலிம் ஒட்டியிருந்தேன். பாதிக் கண்ணாடியில் வெயில், பாதியில் கூலரின் நிழல். ஒரு மத்தியானம் யாரும் தொடாமலே டிக் என்றது. ஓரத்திலிருந்து நேராகக் கிளம்பி உள்ளே வந்து வளைந்த விரிசல். கல் பட்டால் நட்சத்திரம் மாதிரி இருக்கும்; சூட்டில் விட்டது ஓரத்துக்குச் செங்குத்தாகக் கிளம்பும். சூடான நடுப்பகுதி விரிய, குளிர்ந்த ஓரம் விரியாமல் இழுபட, ஓரத்தில் முன்பே ஏதாவது சில்லு இருந்தால் அங்கே ஆரம்பித்துவிடும்.

இந்த முறை டேப்பை எடுக்கவில்லை. (எடுத்தேன், வேறு காரணத்துக்கு. சொல்கிறேன்.)

எங்கள் ஜன்னல் மரச்சட்டம், பட்டி வைத்துப் பதித்த கண்ணாடி. முதலில் செய்த நல்ல காரியம், கீல் ஆணியைக் கழற்றி ஜன்னல் கதவையே கீழே இறக்கிச் சாப்பாட்டு மேஜையில் பழைய போர்வை விரித்துப் படுக்க வைத்தது. மாடியில் நின்றுகொண்டு உடைந்த கண்ணாடியைப் பிடுங்குகிற வேலையை யாரும் செய்யாதீர்கள். கீழே போகிறவர் தலைக்கு அது கத்தி. இறக்கிய பிறகு கண்ணாடியின் இரண்டு பக்கமும் முழுக்க டேப் ஒட்டினேன், எடுக்கும்போது சிதறாமல் இருக்க. டேப்புக்கு உள்ள உண்மையான உபயோகம் அந்த அரை மணி நேரம்தான். கெட்டித் தோல் கையுறை, கண்ணாடி போட்டவர்களும் அதற்கு மேல் ஒரு பாதுகாப்புக் கண்ணாடி, காலில் ஷூ. செருப்பு கூடாது. மனைவி பார்த்துவிட்டு, "ஏங்க, பாம் செயலிழக்க வைக்கப் போறீங்களா?" என்றாள். பாதத்தில் சில்லு ஏறியவளே இப்படிக் கேட்டால் என்ன சொல்வது!

பழைய பட்டி கல் மாதிரி இறுகியிருந்தது. பழைய உளியால் கொஞ்சம் கொஞ்சமாகப் பெயர்க்க வேண்டும். அவசரப்பட்டால் மரம் பிய்ந்துவிடும். பட்டிக்குள் சின்னச் சின்ன ஆணிகள் ஒளிந்திருக்கும், அவற்றைக் குறடால் இழுத்து எடுத்துவிட்டு, துண்டுகளை ஒவ்வொன்றாக உருவினேன். பிறகு பள்ளத்தைச் சுத்தமாகச் சுரண்டி, பிரைமர் ஒரு கை. இதை விட்டுவிடாதீர்கள். பட்டி என்பது சாக் பவுடரும் ஆளிவிதை எண்ணெயும் பிசைந்தது. வெறும் மரத்தில் வைத்தால் மரம் எண்ணெயைக் குடித்துவிடும், பட்டி காய்ந்து உதிரும்.

அளவில்தான் கோட்டை விட்டேன். நீளத்தை ஒரே இடத்தில் அளந்து, அதே அளவைக் கடையில் சொன்னேன். "கித்னா பை கித்னா?" என்று கேட்பார், பதினாறுக்கு இருபத்தி இரண்டரை அங்குலம் என்றேன். இங்கே எங்கள் கடைக்காரர் மூன்றங்குலக் கணக்கில் மேலே ஏற்றித்தான் பில் போடுவார். ஆக பதினெட்டுக்கு இருபத்தி நான்கு, மூன்று சதுர அடி, 4 மி.மீ. கண்ணாடி, 195 ரூபாய். வீட்டுக்கு வந்து வைத்தால் ஒரு மூலையில் இரண்டு மி.மீ. இடிக்கிறது. பழைய சட்டம், சதுரமாக இல்லை. லேசாக அமுக்கினேன். டிக். மகள் ஒன்றும் சொல்லவில்லை, உள்ளே போய் அம்மாவிடம் சொன்னாள்.

இரண்டு மி.மீ. சீவித் தர முடியாதா என்று கடையில் முன்பே கேட்டிருக்கலாமே என்று நினைப்பீர்கள். கேட்டேன், இரண்டாவது தடவை போனபோது. கண்ணாடியின் கனத்தை விட மெல்லிய கீற்றாக அறுப்பது கஷ்டம், நேராக உடையாது என்றார். ஆகவே: நீளத்தை மூன்று இடத்தில், அகலத்தை மூன்று இடத்தில் அளந்து, இருப்பதிலேயே சின்ன அளவை எடுத்து, அதிலும் 3 மி.மீ. குறைத்துச் சொல்லுங்கள். அந்த இடைவெளி வேண்டும். வெயிலில் கண்ணாடியும் சட்டமும் ஒரே மாதிரி விரிவதில்லை. மூலைவிட்டத்தையும் அளந்தால் சட்டம் கோணலா என்று தெரிந்துவிடும். இன்னும் சுலபம், பள்ளத்துக்குள் சரியாக உட்காருகிற மாதிரி அட்டையை வெட்டிக் கடைக்கு எடுத்துப் போவது.

மற்றது எல்லாம் பூரிக்கு மாவு பிசைகிற வேலைதான். பட்டியைக் கையில் உருட்டி மென்மையாக்கி, பள்ளம் முழுக்க மெல்லிய படுக்கை. அதன் மேல் கண்ணாடியை வைத்து ஓரங்களில் மட்டும் அழுத்த வேண்டும், நடுவில் கை வைக்கவே கூடாது. ஆறேழு அங்குலத்துக்கு ஒரு சின்ன ஆணி, கண்ணாடியோடு படுத்த மாதிரி. சுத்தியலைத் தூக்கி அடிக்காமல் கண்ணாடி மேலேயே நகர்த்தித் தட்டினேன். பிறகு இன்னொரு சுற்றுப் பட்டி வைத்துக் கத்தியால் சரிவாக இழுத்துவிட்டால் தண்ணீர் நிற்காமல் வடியும். மேல்தோல் காய ஒன்று இரண்டு வாரம் ஆகும். அதன் பிறகு பெயிண்ட் அடிக்கும்போது கண்ணாடி மேலும் ஒரு நூல் ஏறுகிற மாதிரி அடித்தால் தண்ணீர் உள்ளே போகாது. பட்டிக்குப் பதில் சிலிகானும் போடலாம், ஒரு நாளில் இறுகிவிடும், ஆனால் அடுத்த முறை எடுக்கிறவன் உங்களைத் திட்டுவான்.

கணக்கு: கண்ணாடி 195, அதுவே மறுபடியும் 195, பட்டி அரைக் கிலோ 40, ஆணி 10, கையுறை 120. மொத்தம் 560. மிஸ்திரி கேட்டது 700. மிச்சம் 140 ரூபாய், போனது ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஆக இது காசு மிச்சம் பிடிக்கிற யோசனை இல்லை, உண்மையைச் சொல்லிவிடுகிறேன். மிஸ்திரி "கல் ஆத்தா ஹூம்" என்று சொல்லிச் சொல்லி மூன்று வாரம் ஓட்டியிருப்பார். எனக்கு ஒரே நாளில் முடிந்தது, அதுதான் லாபம்.

எல்லாவற்றையும் நாமே செய்ய முடியாது. ஸ்லைடிங் பால்கனிக் கதவு, ஆள் உயரக் கண்ணாடி, மூன்றடிக்கு மேல் போகிற எதுவும் ஆள் வைத்துத்தான். 4 மி.மீ. கண்ணாடி சதுர மீட்டருக்குப் பத்துக் கிலோ என்பதை நினைவில் வையுங்கள். மூலையில் சின்னதாக முத்திரை இருந்தால் அது டஃபன்டு கண்ணாடி; உடைந்தால் கற்கண்டு மாதிரி பொடிப்பொடியாகக் கொட்டும். அதை வீட்டில் அறுக்கவோ துளை போடவோ முடியாது, அளவு கொடுத்துச் செய்து வாங்க வேண்டும். அந்த இடத்தில் விலை குறைவு என்று சாதாரணக் கண்ணாடியை மாட்டிவிடாதீர்கள், முக்கியமாகக் குளியலறையிலும் கதவிலும். மிஸ்திரி மாட்டத்தான் பார்ப்பார்.

நம் வீடுகளில் டேப் நிலைத்து நிற்பதற்கு டிரான்ஸ்பர் மட்டும் காரணமில்லை, பாஷையும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். மிஸ்திரியைக் கூப்பிட்டு என்ன சொல்வது? ஆண் வேலைக்குப் போய்விடுவான், வீட்டில் இருக்கிற பெண் தெரியாத ஆளிடம் தெரியாத பாஷையில் பேரம் பேச வேண்டும். அதற்கு டேப் எவ்வளவோ மேல் என்று தோன்றாதா? ஹிந்தி ஊரில் கிட்கி, காஞ்ச், பல்லா (ஜன்னல் கதவு) மூன்று சொல் போதும். கொல்கத்தாவில் ஜான்லா, காச், புட்டிங். ஜன்னலும் ஜான்லாவும் ஒரே போர்ச்சுகீசியச் சொல்லிலிருந்து வந்தவை என்று அங்கே போய்த்தான் தெரிந்தது. அந்த ஒரு வார்த்தையில் நாங்களும் வங்காளிகளும் சொந்தக்காரர்கள். பேசவே வேண்டாம் என்றால் கதவைக் கழற்றி ஆட்டோவில் வைத்துக் கடைக்கே கொண்டு போய்விடலாம். உட்கார்ந்திருக்கும்போதே போட்டுத் தருவார்கள். மிஸ்திரி பிழைப்பைக் கெடுக்கிறீர்களே என்று ஒரு தோழர் சண்டைக்கு வந்தார். ஒற்றைக் கண்ணாடிக்காக வீட்டுக்கு வர எந்த மிஸ்திரிக்கும் விருப்பமில்லை, கூப்பிட்டுப் பார்த்தால் தெரியும்.

ஒன்று மறந்துவிட்டேன். உடைந்த துண்டுகளைக் குப்பைப் பையில் அப்படியே போடாதீர்கள். குப்பை எடுக்க வருகிற அம்மாவுக்குக் கையுறை கிடையாது. நான் செய்தித்தாளில் சுற்றி, அட்டைப் பெட்டியில் வைத்து ஒட்டி, மேலே "டூட்டா காஞ்ச்" என்று ஹிந்தியில் எழுதி (மகள் எழுதினாள், எனக்கு எழுத வராது) கையிலேயே கொடுத்தேன். தரையில் மிச்சம் இருக்கிற பொடிச் சில்லைப் பார்க்க, விளக்கை அணைத்துவிட்டு டார்ச்சைத் தரையோடு தரையாகப் படுக்க வைத்து அடியுங்கள். மின்னும். ஈரத்துணியால் ஒற்றி எடுத்துத் துணியையும் தூக்கிப் போட்டுவிடுங்கள்.

அம்மா இப்போது அருப்புக்கோட்டையில் இருக்கிறார். அந்த வீட்டு ஜன்னலில் கம்பியும் மரக்கதவும்தான், தாத்தா கட்டியது, கண்ணாடி என்பதே கிடையாது. இருந்தும் 2020-க்குப் பிறகு அவர் ஜன்னல் ஓரமாகப் படுப்பதில்லை. போன முறை ஊருக்குப் போனபோது பார்த்தேன், கட்டில் எதிர்ச் சுவரோரம் நகர்ந்திருந்தது. ஏன் என்று நான் கேட்கவில்லை.

மதுரைத் தம்பியிடம் இதையெல்லாம் பொங்கலன்றே சொன்னேன். "சரிண்ணே, பார்க்கலாம்" என்றார். பார்க்கலாம் என்றால் என்ன அர்த்தம் என்று நமக்குத் தெரியாதா? பையனின் மேஜையையாவது இப்போதே நகர்த்து என்று சொல்லி, நானே ஒரு பக்கம் பிடித்து நகர்த்திவிட்டுத்தான் கிளம்பினேன். நேற்று ராத்திரி வாட்ஸப்பில் அளவு அனுப்பியிருக்கிறார், ஒரே ஒரு நீளம், ஒரே ஒரு அகலம். அட்டை வெட்டி வை, டேப்பை உரித்துவிடாதே, ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்கு வருகிறேன் என்று பதில் போட்டிருக்கிறேன்.